நாய்த்துணைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கதாபாத்திரத்தை ஏற்று அதை வளர்த்துக்கொண்டே ஆடும் ஆர்.பி.ஜி. வகைக் கேம்களில் வரும் நாய்களில் எது சிறந்தது என்று கேட்டால், பெரும்பாலானோர் தாம் முதன்முதலில் உடன் அழைத்துச் சென்ற நாயின் பெயரையே சொல்வார்கள். அந்தப் பாசத்தில் குற்றம் காண ஒன்றுமில்லை. சிக்கல் அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. ஏன் அது சிறந்தது என்று கேட்டதும், ஒருவர் அதன் கடிக்கு எவ்வளவு டேமேஜ் (எதிரிக்கு விளையும் சேதம்) என்று கணக்குச் சொல்கிறார். இன்னொருவர் அது சாகவே சாகாது என்கிறார். மூன்றாமவர் கதையின் ஓரிடத்தில் அது தம்மை அழவைத்தது என்கிறார். மூவரும் மூன்று தராசுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே எடையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய ஒப்பீடுகளில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு வேர் ஒன்றே என்பது என் எண்ணம்: நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள், அந்த நாயை அழைத்துக்கொண்டதற்காகத் தாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று பார்ப்பதில்லை.

நாய் யாருடைய இடத்தில் நிற்கிறது என்று பாராமல் இருப்பது

2009இல் வெளிவந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமில் வரும் மபாரி போர்நாயிலிருந்தே தொடங்கலாம். மனிதப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது முதலிலேயே கிடைத்துவிடும். மற்றவர்கள் ஆஸ்டகார் முகாமில் நோயுற்றுக் கிடக்கும் நாய்க்காகக் காட்டுக்குள் போய் ஒரு மலரைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தால், பிறகு வழியில் அது தானாக வந்து சேர்ந்துகொள்ளும். போரில் அது வலுவான நாய் என்பதில் ஐயமில்லை. எதிரியின்மேல் பாய்ந்து தரையில் சாய்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஊளையிட்டுச் சுற்றி நிற்பவர்களைச் செயலிழக்கச் செய்யும். இவ்வளவையும் பட்டியலிட்டுவிட்டு, கேம்களில் வரும் நாய்களிலேயே இதுதான் முதன்மையானது என்று முடிவுகட்டுபவர்கள் பலர்.

அவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கேமில் ஆட்டக்காரரையும் சேர்த்துப் பார்ட்டியில், அதாவது உடன் செல்லும் குழுவில், நால்வருக்குத்தான் இடம். எனவே நாய் உள்ளே வந்தால், காயம் ஆற்றும் வின்னோ, பூட்டுத் திறக்கத் தெரிந்த லெலியானாவோ, கேடயம் தாங்கி முன்னே நிற்கும் அலிஸ்டரோ, யாரேனும் ஒருவர் முகாமிலேயே தங்கிவிட வேண்டும். மேலும், மற்றவர்கள் தலைக்கவசம் முதல் காலணி வரை புதிது புதிதாக மாற்றிக்கொண்டு வலுப்பெறும்போது, நாய்க்கு அணிவிக்கக் கிடைப்பவை கழுத்துப்பட்டையும் உடலில் பூசும் போர்ச்சாயமும் மட்டுமே. தொடக்கத்தில் வாள்வீரனுக்கு இணையாக நின்ற நாய், கதை முன்னேற முன்னேறப் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் ஆட்டத்தில் நான் அதை விடாப்பிடியாக இறுதிவரை அழைத்துச் சென்றேன். பூட்டிய பெட்டிகளில் எத்தனையைத் திறக்காமலே கடந்து வந்தேன் என்பது இரண்டாம் ஆட்டத்தில்தான் தெரிந்தது. கணினியில் ஆடுபவர்களிடையே இந்த நாய்க்குப் பார்ட்டிக்கு வெளியே தனி இடம் தரும் மாட் (ஆட்டக்காரர்களே கேமில் செய்துகொள்ளும் மாற்றம்) ஒன்று பெரிதும் பரவியதே, இதை எத்தனை பேர் ஒரு குறையாக உணர்ந்தார்கள் என்பதற்குச் சான்று. அந்த மாட் நாயின் வலுவைக் கூட்டித் தரவில்லை. அதற்காகக் கொடுக்க வேண்டிய விலையைத்தான் நீக்கியது.

இதற்கு நேர்மாறானது 2011இல் வந்த ஸ்கைரிம். அங்கே மனிதத் துணைக்கு ஓரிடமும் விலங்குத் துணைக்குத் தனியாக இன்னோரிடமும் உண்டு. இறந்துபோன எஜமானரின் குடிசைக்கு அருகே காத்திருக்கும் மீக்கோவையோ, மார்கார்த் நகர லாயத்தில் 500 பொற்காசுக்கு விற்கப்படும் விஜிலன்ஸையோ சேர்த்துக்கொள்வதற்காக லிடியா போன்ற மனிதத் துணையை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. மீக்கோவின் கடி பெரிய கடி இல்லை. ஆனால் அது யாருடைய இடத்தையும் பறிக்காமல் வருவதால், அது செய்யும் சிறு உதவியும் முழுக்க வரவே. மபாரியையும் மீக்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எதன் பல் கூர்மையானது என்று கேட்பவர், சம்பளம் வாங்கும் பணியாளரையும் சும்மா உதவ வரும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு முடிவு சிலருக்கு வியப்பாக இருக்கலாம்: ஒரு நாயின் உண்மையான போட்டியாளர் பல வேளைகளில் இன்னொரு நாயே அல்ல. 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் கேமில் ஒரு மனிதத் துணையும் மனிதரல்லாத துணை ஒன்றும் ஒரே நேரத்தில் உடன்வரலாம். பாதி எந்திரமான ரெக்ஸ் என்னும் நாய் அந்த இரண்டாவது இடத்துக்கு வருகிறது. அதே இடத்துக்கு இ.டி.-இ என்னும் பறக்கும் ரோபோவும் உரிமை கோருகிறது. ரெக்ஸ் உடனிருந்தால், ஆயுதத்தைக் குறிவைத்துப் பார்க்கும்போது அருகே கிடக்கும் துப்பாக்கி, தோட்டா, மருந்துப் பொருள்கள் தனித்துத் தெரியும். இ.டி.-இ உடனிருந்தால் எதிரிகளைத் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். ஆகவே ரெக்ஸை எடைபோட விரும்புபவர் கேட்க வேண்டியது, கீழே கிடக்கும் பொருளைக் காட்டும் துணை எனக்குத் தேவையா, வரப்போகும் ஆபத்தைக் காட்டும் துணை தேவையா என்பதையே. ஃபால்அவுட் 4இன் டாக்மீட்டோடு ரெக்ஸை மோதவிடுவது சுவையான அரட்டையாக இருக்குமே தவிர, ஆடுபவருக்கு எந்த முடிவையும் எடுத்துத் தராது.

அந்த டாக்மீட்டின் கணக்கு இன்னும் விசித்திரமானது. 2015இல் வந்த ஃபால்அவுட் 4இல் ஒரே நேரத்தில் ஒரு துணைதான். நாயோடு மனிதத் துணையையும் சேர்த்து அழைத்துச் செல்ல முடியாது. அந்த அளவில் மபாரியைப் போலவே அதுவும் பிறர் இடத்தை அடைத்துக்கொள்ளும் நாய்தான். ஆனால் துணையின்றித் தனியே திரிபவருக்குக் குறைந்த காயமும் கூடுதல் சுமைதாங்கும் திறனும் தரும் லோன் வாண்டரர் என்னும் பெர்க் (ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்), டாக்மீட்டைத் துணையாகவே கணக்கில் எடுப்பதில்லை. நாய் பக்கத்தில் நடக்கும். விதியின் கண்ணுக்கு நீங்கள் தனியாள். இந்த ஒரு சலுகையை அறியாதவர், டாக்மீட்டின் டேமேஜை நிக் வாலன்டைன் என்னும் இன்னொரு துணையின் டேமேஜோடு ஒப்பிட்டு நாய் தோற்றுவிட்டது என்று எழுதிவிடுவார். அறிந்தவரோ நாயின் பங்கோடு தனிமையின் பலனையும் கூட்டியே கணக்கை முடிப்பார்.

விலை எப்போதும் பார்ட்டி இடமாக மட்டும் இருப்பதில்லை. 2001இல் வந்த ஆர்கானம் கேமில் ஆஷ்பரி நகரில் ஒரு குள்ளன் உதைத்துக்கொண்டிருக்கும் நாயைக் காப்பாற்றினால், அது நன்றியோடு பின்தொடரும். துணைகளின் எண்ணிக்கை வரம்பிலும் அது சேர்வதில்லை. சண்டையிலோ மனிதத் துணைகள் பலரையும் மிஞ்சிவிடும். இதைவிட மலிவான துணை ஏது என்று தோன்றும். ஆனால் அந்தக் கேமில் ஆட்டக்காரர் தாமே அடிக்கும் அடிக்குத்தான் அனுபவப் புள்ளி. நாய் முந்திக்கொண்டு எதிரிகளைத் தீர்த்துவிட்டால், வெற்றி உங்களுடையதாக இருக்கும். லெவல் மட்டும் மெதுவாக ஏறும். கிங்டம் கம்: டெலிவரன்ஸில் வரும் நாய்க்கோ உணவும் பாராட்டும் தந்து கீழ்ப்படிதலைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே விலை என்பது கவனம். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் ரேஞ்சர் வகுப்பினருக்கு ஓநாய் போன்றதொரு விலங்குத் துணை பிறவியிலேயே உண்டு. சண்டையில் அது வீழ்ந்துவிட்டால் அந்தத் துயரத்தில் ரேஞ்சரின் குறிபார்க்கும் திறன் குறைந்துவிடும். நாயை முன்வரிசைக்கு அனுப்பிவிட்டு எத்தனை எதிரிகளைக் கடித்தது என்று மட்டும் எண்ணுபவர், தன் அம்புகள் ஏன் திடீரெனக் குறிதவறுகின்றன என்று புரியாமல் விழிப்பார்.

கடியை மட்டும் எண்ணி மூக்கை மறப்பது

நாய் என்றாலே பல் என்று நினைப்பது மனிதர்களின் இயல்பாக இருக்கலாம். கேம்களை வடிவமைப்பவர்களோ மிகப் பழைய காலத்திலிருந்தே அதன் மூக்கில்தான் அதிகக் கற்பனையைச் செலவிட்டிருக்கிறார்கள். 2006இல் வந்த மதர் 3இல் போனி என்னும் நாய் பார்ட்டியின் முழு உறுப்பினராகவே சண்டையிடுகிறது. அதற்கு மனோசக்தி எதுவும் கிடையாது. தாக்குதல் எண்களை மட்டும் வரிசைப்படுத்தினால் அதற்கு நல்ல இடம் கிடைக்காது. ஆனால் எதிரியை மோப்பம் பிடித்து அதன் பலவீனம் என்னவென்று சொல்லிவிடும். மற்ற மூவரின் அடி எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உறுப்பினரை, அதன் சொந்த அடியைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

1987இல் முதலில் வெளிவந்த நெட்ஹாக் இன்னும் நுட்பமானது. ஆட்டத்தின் தொடக்கத்தில் உடன்வரும் குட்டி நாய், எதிரிகளைக் கொன்று வளர்ந்து பெரிய நாயாகும். முதல் சில தளங்களில் அதன் கடி உயிர்காப்பதும் உண்மைதான். ஆனால் கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு வேறு காரணங்கள் உண்டு. சபிக்கப்பட்ட பொருள் கிடக்கும் கட்டத்தில் அது தயங்கித் தயங்கியே காலெடுத்து வைக்கும். ஆகவே நாய் நடக்கும் விதத்தைக் கவனித்தே எந்தப் பொருளைத் தொடக்கூடாது என்று அறிந்துகொள்ளலாம். கடைக்குள் புகுந்து பொருளைக் கவ்விக்கொண்டு வெளியே போட்டுவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. அப்படி வந்த பொருளுக்குக் காசு தர வேண்டியதில்லை. நன்றியுள்ள விலங்கு என்று நாயைப் புகழ்பவர்கள் இந்தத் திருட்டையும் நன்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். படிக்கட்டில் இறங்கும்போது அது அடுத்த கட்டத்தில் நின்றால்தான் கூடவே வரும் என்பதையும், நெடுநேரம் பிரிந்திருந்தால் பழக்கம் மறந்து எதிரியாகவே மாறிவிடலாம் என்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1995இல் வந்த சீக்ரெட் ஆஃப் எவர்மோரின் நாய் ரசவாத மந்திரங்களுக்கான மூலப்பொருள்களை மோந்து கண்டுபிடிக்கிறது. 2008இல் வந்த ஃபேபிள் 2இன் நாய் புதைந்திருக்கும் பொருள்களைக் குரைத்துக் காட்டுகிறது. எதிரி நெருங்குவதை உறுமி அறிவிக்கிறது. சண்டையில் கீழே விழுந்த எதிரியை மட்டும் பாய்ந்து கடிக்கிறது. அதன் மோப்பத் திறனையும் போர்த்திறனையும் புத்தகங்கள் படித்து நாம் வளர்க்கலாம். நாய்க்காக எஜமானர் படிக்க வேண்டியிருப்பது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. பால்டர்ஸ் கேட் 3இன் ஸ்கிராட்ச்சும் இந்த மரபைச் சேர்ந்ததே. பார்ட்டியின் நான்கு இடங்களில் ஒன்றையும் எடுக்காமல், பந்தைக் கொண்டு அழைத்தால் வந்து, மண்ணுக்குள் புதைந்திருப்பதைத் தோண்டிக் காட்டும். அதைச் சண்டைக்கு முன்னே தள்ளிவிட்டு நாய் பயனற்றது என்று எழுதுவது, தபால்காரரை மல்யுத்தக் களத்தில் இறக்கிவிட்டுக் குறை சொல்வதைப் போன்றது.

இத்தோடு தொடர்புடைய சிறிய பிழை ஒன்று, நாயைத் தனி உறுப்பினராக நினைத்து எண்ணிவிடுவது. ஃபைனல் ஃபேன்டஸி 8இன் ஏஞ்சலோ, ரினோவா என்னும் கதாபாத்திரத்தின் திறனில் ஒரு பகுதி. அது தனியாகக் களத்தில் நிற்பதில்லை. செல்லப்பிராணிகளைப் பற்றிய இதழ்களைச் சேகரித்து அதற்குப் புதிய வித்தைகள் கற்றுத்தர வேண்டும். கற்றவற்றில் சில நாம் கட்டளையிடாமலே தானாக நிகழும். ரினோவா பார்ட்டியில் இல்லாவிட்டால் ஏஞ்சலோவும் இல்லை. அதே தொடரின் ஆறாம் பாகத்தில் ஷாடோ என்னும் கதாபாத்திரத்தின் நாயான இன்டர்செப்டருக்கும் இதே நிலைதான்: எஜமானர்மேல் விழவரும் அடியை அவ்வப்போது அது தடுத்துத் திருப்பியடிக்கும், அவ்வளவே. இவற்றை மதிப்பிட வேண்டுமானால் எஜமானரோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

சாகாத நாய்தான் நல்ல நாய் என்று கொள்வது

ஸ்கைரிமில் பார்பஸ் என்னும் பேசும் நாய் உண்டு. கிளாவிகஸ் வைல் என்னும் டேட்ரிக் இளவரசருக்கு (அந்த உலகின் தெய்வம் போன்றவருக்கு) உரிய அந்த நாய், அதன் குவெஸ்ட் (கதையில் தரப்படும் பணி) முடியும்வரை சாகாது. ஆகவே குவெஸ்டை வேண்டுமென்றே முடிக்காமல் இழுத்தடித்து அதை நிரந்தரத் துணையாக்கிக்கொள்வது பழைய உத்தி. மீக்கோ ஒரு குகையில் இறந்துபோனதைக் கண்டு மனம் நொந்தவருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் சாகாமை ஒன்றை வைத்தே பார்பஸுக்கு முதலிடம் தருபவர்கள், பதுங்கிச் செல்லும் பாணியில் ஒரு குகைக்குள் அதை அழைத்துப் போய்ப் பார்க்க வேண்டும். எஜமானர் இருளில் குனிந்து நகரும்போது நாய் குரைத்துக்கொண்டே இடித்துத் தள்ளும். வில்லாளிக்கும் திருடனுக்கும் அதன் அழியாமை, அழியாத தொல்லையாகவே முடிகிறது. குவெஸ்டின் இறுதியில் பரிசாக முகமூடியைப் பெற்றாலும் கோடரியைப் பெற்றாலும் நாய் கையைவிட்டுப் போய்விடும் என்பதையும் மறக்கலாகாது.

சாவு என்பது ஒவ்வொரு கேமிலும் ஒவ்வொரு பொருள் கொள்வது. ஃபேபிள் 2இன் நாய் சண்டையில் சாவதில்லை. காயம்பட்டால் நொண்டிக்கொண்டே வரும், நாம் குணப்படுத்தும்வரை உதவாது. நியூ வேகஸின் ரெக்ஸ் சாதாரண நிலையில் மயங்கி விழுந்து சண்டை முடிந்ததும் எழுந்துவிடும். ஹார்ட்கோர் என்னும் கடினமான நிலையில் விழுந்தால் விழுந்ததுதான். அதாவது ரெக்ஸ் சாகுமா என்ற கேள்விக்குப் பதில் நாயிடம் இல்லை, ஆடுபவர் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த நிலையில் இருக்கிறது. எந்த நிலையில் ஆடினோம் என்று சொல்லாமல், என் ரெக்ஸ் சாகவில்லை, ஆகவே வலுவானது என்று எழுதப்படும் ஒப்பீட்டால் படிப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

சாகக்கூடிய நாய் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடும் என்பதும் கவனிக்கத் தக்கது. 1997இன் முதல் ஃபால்அவுட்டில் ஜங்டவுன் நகரில் கிடைக்கும் டாக்மீட், கடைசிக் கட்டத்து ராணுவத் தளத்தின் மின்வேலிகளில் பாய்ந்து உயிர்விடுவதற்குப் பேர்போனது. அதை உயிரோடு கரைசேர்க்க விரும்பிய ஆட்டக்காரர்கள் சேமித்த இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஆடினார்கள். சிலர் அந்தத் தளத்துக்கு வெளியிலேயே அதை விட்டுச் சென்றார்கள். எளிதில் சாகும் தன்மையை வெறும் குறை என்று எழுதினால், அந்தப் பதற்றத்தால் எழுந்த நினைவுகளை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

பெயர் ஒன்று என்பதால் நாயும் ஒன்று என்று நினைப்பது

டாக்மீட் என்ற பெயரை நான் மேலே இரண்டு பொருளில் பயன்படுத்திவிட்டேன். பலரும் நான்கு பொருளில் பயன்படுத்திவிட்டு அதைக் கவனிப்பதே இல்லை. முதல் கேமில் வருவது ஒரு நாய். 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு தற்செயல் நிகழ்வாகத் தோன்றும் விந்தையான கஃபேயில் மட்டும் அதே பெயரை மீண்டும் காணலாம். 2008இல் வந்த மூன்றாம் பாகத்தில், பழைய இரும்புக் கிடங்கில் கொள்ளையரிடம் எஜமானரை இழந்து நிற்பது வேறு நாய். நான்காம் பாகத்தில் ரெட் ராக்கெட் எரிபொருள் நிலையத்தில் காத்திருக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் இன்னொன்று. மூன்றாம் பாகத்தின் நாய் மனிதத் துணைக்குக் கூடுதலாக வரும், சாகவும் சாகும். நான்காம் பாகத்தின் நாய் தனியாகத்தான் வரும், சாகாது. இரண்டையும் கலந்து டாக்மீட் சாகாது, மனிதத் துணையோடும் வரும் என்று எழுதினால், எந்தக் கேமிலும் இல்லாத ஒரு நாய் உருவாகிவிடுகிறது.

ஒரே கேமின் பதிப்புகளுக்கிடையிலும் இதே கதைதான். 2009இல் வந்த புரோக்கன் ஸ்டீல் கூடுதல் பகுதியைச் சேர்த்துக்கொண்டால், உரிய பெர்க்கைத் தேர்ந்தெடுத்தவருக்கு மூன்றாம் பாகத்தின் டாக்மீட் இறந்த பின்னும் அதன் குட்டி கிடைக்கும்; சாவின் கனமே அங்கே வேறாகிவிடுகிறது. ஸ்கைரிமின் டான்கார்ட் என்னும் கூடுதல் பகுதியில் கவசமணிந்த ஹஸ்கி நாய்களும், இரத்தக்காட்டேரிகளின் பக்கம் சேர்ந்தவருக்கு மரண வேட்டைநாய்களும் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, அடிப்படைக் கேமை மட்டும் ஆடியவரிடம் ஸ்கைரிமின் நாய்கள் எப்படிப்பட்டவை என்று விவாதிப்பது வீண்.

பெர்சோனா 3இன் கொரோமாரு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. வாயில் கத்தியைக் கவ்விச் சண்டையிடும் அந்த ஷிபா நாய்க்குச் செர்பரஸ் என்னும் பெர்சோனாவே (மனதிலிருந்து எழுந்து போரிடும் சக்தி வடிவம்) உண்டு. நெருப்பும் இருளும் அதன் துறைகள். 2006இல் வந்த முதல் பதிப்பில் துணைகளுக்குப் பொதுவான உத்தியை மட்டுமே சொல்லலாம், ஒவ்வோர் அசைவையும் கணினியே முடிவுசெய்யும். 2009இன் போர்ட்டபிள் பதிப்பில் நேரடிக் கட்டளை வந்தது. பெண் கதாநாயகியாக ஆடுபவருக்குக் கொரோமாருவோடு தனி நட்புக் கதையும் சேர்ந்தது. 2024இல் மறு ஆக்கமாக ரீலோட் வெளிவந்தது. கொரோமாரு தேவையில்லாத நேரத்தில் இருள் மந்திரத்தை வீசி வாய்ப்பை வீணாக்கும் என்று ஒருவர் குறை சொன்னால், அவர் குறை சொல்வது நாயையா, 2006ஆம் ஆண்டின் கணினி நுண்ணறிவையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோற்றத்தைத் திறனாக வாசிப்பது

இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 2009இன் டார்ச்லைட்டில் நாயைத் தேர்ந்தெடுத்தாலும் பூனையைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டும் ஒரே மாதிரி சுமக்கும், ஒரே மாதிரி நகருக்கு ஓடிப் பொருளை விற்றுவரும். நாய் பாதுகாப்பானது, பூனை வேகமானது என்பதெல்லாம் நம் கண்ணின் கற்பனை. ஃபேபிள் 2இல் எஜமானரின் நல்வினை தீவினைக்கேற்ப நாயின் நிறம் மாறுவதும் அதன் மோப்பத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. சில கேம்களில் தோற்றம் உண்மையாகவே பொருள் தருவதும் உண்டு: சீக்ரெட் ஆஃப் எவர்மோரில் தொல்பழங்காலத்தில் ஓநாயாகவும், அடுத்து கிரேஹவுண்டாகவும், பிறகு பூடிலாகவும், முடிவில் எந்திர நாயாகவும் உருமாறும் நாயின் இயல்பும் ஒவ்வோர் உலகிலும் மாறுகிறது. ஃபால்அவுட் 2இல் பரிதாபமாக ஒட்டிக்கொள்ளும் பேரையா என்னும் நாயோ, உடனிருக்கும்வரை ஆட்டக்காரரின் அதிர்ஷ்டத்தை ஒன்றாகக் குறைத்துவிடும். பார்வைக்கு மெலிந்த தெருநாய். விதிப்படி நடமாடும் சாபம்.

பாசத்தைக் கணக்கிலிருந்து துரத்துவது

இதுவரை சொன்னவற்றைப் படித்தவர், உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு விதிகளை மட்டும் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். அதுவும் தவறுதான், ஏனென்றால் பல கேம்களில் பாசமே ஒரு விதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆரிஜின்ஸில் மற்றத் துணைகளின் நல்லெண்ணம் நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவாலும் ஏறும், இறங்கும். மனம் கசந்தவர்கள் விலகிப்போவதும் உண்டு. மபாரியின் நல்லெண்ணமோ தொடக்கத்திலிருந்தே 100. எந்தக் கொடுமையைச் செய்தாலும் குறையாது. ஃபால்அவுட் 4இல் மனிதத் துணைகள் நம் செயல்களை மெச்சவும் வெறுக்கவும் செய்யும்போது, டாக்மீட்டுக்கு அப்படியொரு கணக்கே இல்லை. திருடராகவும் கொலைகாரராகவும் ஆட விரும்புபவருக்கு இது கைமேல் கிடைக்கும் பயன். மனிதத் துணைகளைச் சமாதானப்படுத்தும் உழைப்பு முழுவதும் மிச்சம். இதை உணர்ச்சி என்று தள்ளிவிட்டு டேமேஜ் எண்ணை மட்டும் எழுதுபவர், எண்களில்கூடப் பாதியை விட்டுவிடுகிறார்.

அந்த டாக்மீட்டின் அசைவுகளுக்கும் ஒலிகளுக்கும் மாதிரியாக இருந்தது, வடிவமைப்புக் குழுவில் இருந்த ஒருவரின் ரிவர் என்னும் உண்மையான நாய். முன்னே ஓடிவிட்டு நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் வெறும் அலங்காரமாக அங்கே வைக்கப்படவில்லை. அடுத்துப் போக வேண்டிய திசையை நமக்குக் காட்டும் வேலையை அது செய்கிறது. 2021இல் ரிவர் இறந்தபோது, அதை நேரில் ஒருபோதும் பார்த்திராத ஆட்டக்காரர்கள் துயரப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

ஃபேபிள் 2இன் முடிவுக்கட்டத்தை இன்னும் அறியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கதையின் இறுதியை நெருங்கும்போது வில்லனான லூசியன் சுடும் குண்டுக்கு முன் பாய்ந்து நாய் இறந்துவிடுகிறது. அதன்பின் மூன்று வரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வருகிறது: மாண்டுபோன ஆயிரக்கணக்கான மக்கள் உயிர்பெறலாம், அல்லது பெருஞ்செல்வம் வரலாம், அல்லது நம் அன்புக்குரியவர்களும் அவர்களோடு நாயும் திரும்பலாம். மக்களுக்காக வரம் கேட்டவர் அதன்பின் புதையல் இருக்கும் இடங்களைக் கடக்கும்போது குரைப்பொலி கேட்பதில்லை. 2009இல் வந்த சீ தி ஃபியூச்சர் கூடுதல் பகுதிதான் நாயை மீட்க ஒரு வழியைத் திறந்துவிட்டது. இங்கே மோப்பத்தின் பயனும் பாசமும் ஒரே இழப்பின் இரு பக்கங்கள், அந்த இழப்புக்கு எதிர்த்தட்டில் வைக்கப்பட்டிருப்பது ஆயிரக்கணக்கான உயிர். மற்றக் கேம்களில் நாம் தேடிப்பிடித்துக் கணக்கிட வேண்டிய விலையை இந்தக் கேம் தானே வாய்விட்டுச் சொல்லி, முடிவை ஆடுபவரின் கையில் கொடுத்துவிடுகிறது. நான் முதல் முறை நாயைத்தான் கேட்டேன்.